எத்தனை நாள் இருக்கலாம்? வரிபாக்கி ஏலமும் கறுப்பு மக்களின் வீடும்

வீட்டைக் காலி பண்ணு என்று ஒரு காகிதம் வந்தால் நம் சனங்கள் "எந்தச் சட்டத்துல?" என்று கேட்பதில்லை. "இன்னும் எத்தனை நாள் இருக்கலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சாமான் சட்டியை எங்கே கொண்டுபோய் வைப்பது, பிள்ளைகளின் படிப்பு என்னாவது, கூரை போட வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்று அத்தனை கவலையும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

அமெரிக்காவின் கறுப்பு மக்கள் இதே கேள்வியை நூறு வருசத்துக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். கறுப்பர் வரலாறு என்றால் நமக்குத் தெரிந்தது அடிமைக் கப்பல், மரத்தில் கட்டித் தொங்கவிட்ட கொலைகள், பஸ்ஸில் மறுக்கப்பட்ட இருக்கை, மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், கருஞ்சிறுத்தைகள். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர்ஸ் என்று பேர் வைத்ததே அவர்களைப் பார்த்துத்தான். ஆனால் கயிறும் துப்பாக்கியும் இல்லாமல், வெறும் வரிச்சீட்டைக் காட்டி அவர்களுடைய நிலமும் வீடும் பிடுங்கப்பட்ட கதை நம் பக்கம் அதிகம் பேசப்படவில்லை. கொலை நடந்தால் பிணம் இருக்கும், அழுகை இருக்கும், பேப்பரில் செய்தி வரும். வரி ஆபீசில் நடப்பதற்கு ஒரு பதிவேட்டு வரியைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதனால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். அங்கே பள்ளிக்கூடம், போலீஸ், சாலை, சாக்கடை என்று உள்ளூர்ச் செலவில் பெரும்பங்கு சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டுக்கும் நிலத்துக்கும் இவ்வளவு மதிப்பு என்று மதிப்பீட்டு அதிகாரி ஒருவர் எழுதுவார். அந்த மதிப்பின்மேல் வரி. கட்டாவிட்டால் வட்டி, அபராதம், நோட்டீசுச் செலவு எல்லாம் ஏறும். குறித்த தேதி தாண்டினால் ஏலம். சில மாநிலங்களில் சொத்தையே ஏலம் போடுகிறார்கள். சில மாநிலங்களில் அந்தப் பாக்கியை வசூலிக்கிற உரிமையைத் தனியாருக்கு ஏலம் விடுகிறார்கள். வாங்கியவன் வட்டியோடு வசூலிப்பான், வசூலாகாவிட்டால் வீட்டைக் கேட்பான்.

பாங்குக் கடனுக்கு வீடு போவதும் இதுவும் ஒன்றில்லை. பாங்குக்கு அடமானம் வைத்தவர் பாங்குக்குக் கடன்பட்டவர். இங்கேயோ, யாருக்கும் ஒரு சல்லிக்காசு கடன் இல்லாமல், தாத்தா உழைத்து வாங்கி, அப்பன் குடியிருந்து, பிள்ளை கையில் வந்த வீடும் போகும். ஏழையிடம் கடனில்லாமல் இருக்கிற ஒரே சொத்து அது. அதற்குத்தான் குறி.

ஏலத்தில் வந்த மண்

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கறுப்பு மக்களின் மண்ணைப் பறித்த இந்த வரிபாக்கி ஏலம்தான் ஒருகாலத்தில் அவர்களுக்கு மண்ணைக் கொடுத்தது.

உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861ஆம் ஆண்டு நவம்பரில் வடக்கின் கடற்படை தென் கரோலினாவின் போர்ட் ராயல் துறைமுகத்தைப் பிடித்தது. சுற்றியிருந்த தீவுகளின் பருத்தித் தோட்ட முதலாளிகள் போட்டது போட்டபடி ஓடினார்கள். அவர்களுடைய அடிமைகள், ஏறத்தாழ 10,000 பேர், ஓடவில்லை. தங்கள் கையால் உழுத மண்ணிலேயே நின்றார்கள். போர்ச் செலவுக்காக மத்திய அரசு நேரடி வரி ஒன்றை விதித்திருந்தது. கலகம் செய்த பகுதிகளில் அந்த வரியை வசூலிக்க 1862 ஜூனில் தனிச் சட்டம் வந்தது. ஓடிப்போன எசமானர்கள் வரி கட்ட வருவார்களா? வரவில்லை. 1863 மார்ச்சில் பியூஃபோர்ட் பகுதித் தோட்டங்கள் வரிபாக்கிக்காக ஏலத்துக்கு வந்தன.

அப்போதும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொண்டது. பாஸ்டனிலிருந்து வந்த பில்பிரிக் என்பவர் தனக்கும் கூட்டாளிகளுக்கும் 11 தோட்டங்களை வாங்கிப் போட்டார். விடுதலையானவர்கள் சில இடங்களில் காசைச் சேர்த்துப் போட்டுக் கூட்டாக வாங்கினார்கள். குடும்பத்துக்கு 20 ஏக்கர் என்று ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு ஒதுக்கச் சொல்லி லிங்கன் 1863இல் உத்தரவு போட்டார். உழுதவர்கள் தாங்களே இடம் குறித்து எடுத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆண்டுக் கடைசியில் இன்னொரு உத்தரவு வந்தது. சனங்கள் குச்சி நட்டு எல்லை குறித்தார்கள், காசைக் கட்டினார்கள். வரி ஆணையர்களில் பெரும்பான்மையோர் அதை எதிர்த்தார்கள். 1864 பிப்ரவரியில் உத்தரவு வாபஸ். குச்சி நட்ட மண் பலருக்குக் கைக்கு வருவதற்குள்ளேயே போனது. ஆனாலும் தீவுகளில் கணிசமான கறுப்புக் குடும்பங்கள் வரி ஏலத்தின் வழியாகப் பத்திரத்தோடு காணி பெற்றன.

பத்திரத்தோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் போட்ட 15ஆம் உத்தரவுதான் 'நாற்பது ஏக்கர்' என்று உலகத்துக்கே தெரியும். அந்த உத்தரவில் நிலம் பெற்றவர்களை அதே ஆண்டில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் பழைய எசமானர்களுக்காகக் காலி பண்ண வைத்தார். வரி ஏலத்தில் வாங்கிய மண்ணை அப்படிப் பிடுங்க முடியவில்லை. செயின்ட் ஹெலினா தீவில் கறுப்புக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொந்த நிலத்தில் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ராபர்ட் ஸ்மால்ஸ் கதையையும் இங்கே சொல்லவேண்டும். 1839இல் பியூஃபோர்டில் எசமானரின் வீட்டுக்குப் பின்னாலிருந்த அடிமைக் குடிசையில் பிறந்தவர். 1862 மே 13 விடியுமுன் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 'பிளான்டர்' என்ற தென்னாட்டு ராணுவக் கப்பலைத் தன் கூட்டாளிகளோடும் குடும்பத்தோடும் ஓட்டிக்கொண்டுபோய் வடக்கின் கடற்படையிடம் ஒப்படைத்தார். எந்த வீட்டின் பின்கட்டில் அடிமையாகப் பிறந்தாரோ அந்த வீடு 1863இல் வரிபாக்கிக்குப் பறிமுதலானது. அதை ஸ்மால்ஸ் விலைக்கு வாங்கினார். போருக்கு முன் வீட்டுக்கு உரியவராக இருந்த டி ட்ரெவில் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1878இல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பானது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த மனிதர் 1915இல் அதே வீட்டில்தான் இறந்தார்.

நம் ஜோதிராவ் பூலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த வருசம் ஸ்மால்ஸ் தென் கரோலினா மாநில மேலவையில் உட்கார்ந்திருந்தார். பூலே மதித்தது அப்படிப்பட்ட ஒரு விடியலை. அந்த விடியல் நீடிக்கவில்லை.

ஏலத்தில் தோற்றுப்போன எசமானர்கள் என்ன ஆனார்கள்? அவர்களையும் சட்டம் கைவிடவில்லை. 1891இல் போட்ட சட்டத்தின்படி நேரடி வரியை மத்திய அரசு திருப்பிக் கொடுத்தது. அந்தத் தீவுகளில் நிலம் போன பழைய முதலாளிகளுக்கு ஏக்கர் கணக்குப் போட்டுப் பணம் கொடுத்தது. நாட்டுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு முப்பது வருசம் கழித்தும் இழப்பீடு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பதிவேட்டைப் பிடித்தவன் கை

1877க்குப் பிறகு தெற்கில் வெள்ளை ஆதிக்கம் திரும்பியது. ஓட்டுரிமை போனது. மதிப்பீட்டு அதிகாரி, வசூல் குமாஸ்தா, ஏலம் போடும் ஷெரீப் எல்லோரும் வெள்ளையர். அப்படியிருந்தும் கறுப்பு மக்கள் வயிற்றைக் கட்டி, பருத்தி விற்ற காசில் நிலம் வாங்கினார்கள். 1910 வாக்கில் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் அவர்கள் கையில் இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விட்டது. பருத்திப் புழு, கடன், வடக்குக்கு இடப்பெயர்ச்சி, பாகப்பிரிவினை வழக்கு என்று காரணங்கள் பல. வரிபாக்கி ஏலம் அதில் ஒன்று.

எப்படிச் செய்தார்கள்? வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ கார்ல் 2024இல் வெளியிட்ட 'தி பிளாக் டாக்ஸ்' என்ற நூலில் இதை ஊர் ஊராகத் தோண்டி எடுத்திருக்கிறார். கறுப்பரின் நிலத்துக்கு மதிப்பை ஏற்றி எழுதுவது, பக்கத்து வெள்ளையரின் நிலத்துக்குக் குறைத்து எழுதுவது. வரிச்சீட்டு வந்து சேராமல் பார்த்துக்கொள்வது. யாரும் படிக்காத பேப்பரின் மூலையில் விளம்பரம் போட்டுவிட்டு "அறிவிப்பு கொடுத்தாச்சு" என்று எழுதிவைப்பது. எந்த நிலத்துக்குப் பாக்கி என்று ஆபீசுக்குள்ளிருந்தே தகவல் போக, அதை வைத்து வியாபாரம் பண்ணுகிற ஏலக்காரர் கூட்டம் ஒன்று. அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வு, தெற்கிலும் அதன் எல்லை மாநிலங்களிலும் நடந்த 107 நிலப்பறிப்புகளை ஆவணத்தோடு காட்டியது. 406 உடைமையாளர்கள், 24,000 ஏக்கருக்கு மேல்.

இவர்கள் கட்டிய வரி எங்கே போனது? மிசிசிப்பியில் ஷா என்ற சின்ன ஊர். அந்த ஊர்க் கறுப்பு மக்கள் போட்ட வழக்கில் 1971இல் தீர்ப்பு வந்தது. சாலை போடாத தெருக்களை ஒட்டியிருந்த வீடுகளில் ஏறத்தாழ 98 சதவிகிதம் கறுப்பர் வீடுகள். சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் 97 சதவிகிதம் கறுப்பர் வீடுகள். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் தார்ரோடு எங்கே நிற்கும் என்று தெரிந்த நமக்கு இந்தக் கணக்கை விளக்கவேண்டியதில்லை. வரி வாங்கும்போது தெரு வித்தியாசம் பார்ப்பதில்லை, ரோடு போடும்போது மட்டும் பார்க்கிறார்கள்.

உயில் எழுதாமல் செத்துப்போன தாத்தாவின் நிலம் பேரன் பேத்திகள் எல்லோருக்கும் பொதுவில் நிற்கும். வெள்ளை வக்கீல் மேல் நம்பிக்கையில்லாமலும், பத்திர ஆபீசுக்குப் போகப் பயந்தும், பணம் இல்லாமலும் உயில் எழுதாமல் விட்டவர்கள் ஏராளம். பதிவேட்டில் செத்தவர் பேர்தான் இருக்கும். வரிச்சீட்டும் செத்தவர் பேருக்குத்தான் வரும். வாரிசுகளில் பாதிப்பேர் சிகாகோவிலும் நியூயார்க்கிலும் வேலை பார்ப்பார்கள். யார் கட்டுவது? நீ கட்டியிருப்பேன்னு நான் நினைச்சேன், நான் கட்டியிருப்பேன்னு நீ நினைச்சே. அதற்குள் ஏலம் முடிந்திருக்கும்.

தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவைப் பாருங்கள். அடிமைகளின் வாரிசுகளான கல்லா மக்கள் மீன்பிடித்தும் பயிர்வைத்தும் வாழ்ந்த தீவு. 1956இல் பாலம் வந்தது. பின்னாலேயே கால்ஃப் மைதானமும் பணக்காரர் குடியிருப்பும் வந்தன. வேலிபோட்ட அந்தக் குடியிருப்புகளுக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? 'பிளான்டேஷன்'. எந்தத் தோட்டத்தில் சாட்டையடி பட்டார்களோ அந்தப் பேரையே அழகாக இருக்கிறதென்று பலகையில் எழுதினார்கள். பக்கத்து நிலத்துக்கு விலை ஏற, கல்லா கிழவியின் மரவீட்டுக்கும் மதிப்பு ஏறியது. வீடும் வருமானமும் மாறவில்லை, வரி மட்டும் பல மடங்கு. விற்கவே விரும்பாதவருக்குச் சந்தை விலையால் என்ன பிரயோசனம்?

சட்டம் சொல்லும் நாள்கணக்கு

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். வரிபாக்கி விழுந்த பிறகு குடியிருப்பவர் எத்தனை நாள் இருக்கலாம்? அமெரிக்கா முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.

தென் கரோலினாவில் ஏலம் நடந்த பிறகும் 12 மாதம் மீட்புக் காலம் உண்டு. அதற்குள் பாக்கியையும் செலவையும் வட்டியையும் கட்டினால் சொத்து திரும்பும். ஏலம் எடுத்தவருக்கு அந்த ஒரு வருசம் முடியும்வரை பத்திரம் கிடைக்காது. அதுவரை சொந்தக்காரர் தன் வீட்டில் இருக்கலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறும்: ஏலத் தொகையில் 3, 6, 9, கடைசியாக 12 சதவிகிதம். டெக்சாசில் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு வருசம் மீட்புக் காலம். பார்த்தால் தாராளம். ஆனால் மீட்கும்போது ஏலம் எடுத்தவருக்கு முதல் வருசம் 25 சதவிகிதம், இரண்டாம் வருசம் 50 சதவிகிதம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். அதோடு, மீட்புக் காலம் ஓடும்போதே வீட்டின் அனுபவம் ஏலம் எடுத்தவர் கைக்குப் போய்விடும்.

மிச்சிகன் மாநிலத்தில் வேறு கணக்கு. 1999இல் போட்ட சட்டம் பழைய நீண்ட நடைமுறையைச் சுருக்கியது. ஒரு வருசத்து வரி அடுத்த மார்ச் 1இல் மாவட்டக் கருவூலத்துக்குப் பாக்கியாக மாறும். அதற்கடுத்த மார்ச் 1இல் சொத்து கருவூலத்தின் பிடிக்குள் போகும், வட்டி மாதம் ஒன்றரை சதவிகிதமாகும். அதற்கும் அடுத்த வருசம் மார்ச் 31. அன்று மாலைக்குள் கட்டாவிட்டால், வழக்கு ஏதும் நிலுவையில் இல்லாதபோது, உரிமை முழுசாகப் போய்விடும். அதன் பிறகு மீட்பு கிடையாது. அப்புறம் ஏலம்.

அப்படியானால் மார்ச் 31க்கு மறுநாள் தெருவில் நிற்கவேண்டுமா? வேண்டியதில்லை. உரிமை போவது வேறு, ஆளை வெளியேற்றுவது வேறு. ஏலம் எடுத்தவர் தானே வந்து பூட்டை மாற்ற முடியாது, மின்சாரத்தை வெட்ட முடியாது. நீதிமன்றத்தில் மனுப்போட்டுத் தீர்ப்பு வாங்கவேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் பொதுவாக 10 நாள் தவணை உண்டு. அப்புறம்தான் அமீனா வரலாம். ஏலம் முடிந்து மாதக்கணக்கில் குடியிருந்தவர்கள் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கும் இந்த நடைமுறை பொருந்தும். மாசாமாசம் வாடகையை ஒழுங்காகக் கொடுத்தவர், வீட்டுக்காரன் வரி கட்டாமல் விட்டதற்காக வெளியே போகவேண்டி வருவதுதான் அநியாயம்.

ஆக, சட்டத்தில் நாள் இருக்கிறது. ஆனால் அந்த நாள்கணக்கு யாருக்குத் தெரியும்? ஏலம் எடுக்க வருகிறவனுக்கு வரிசையாகத் தேதி தெரியும். குடியிருக்கிறவருக்குத் தெரிவதில்லை. கதவில் ஒரு மஞ்சள் காகிதமோ வெள்ளைக் காகிதமோ ஒட்டியிருந்தால், "அவ்வளவுதான், போச்சு" என்று தாங்களாகவே மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். இன்னும் ஒரு வருசம் இருந்திருக்கலாம் என்று சொல்ல ஆளில்லை.

அறிவிப்பு என்ற ஒன்றுக்காகவே அங்கே உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. ஆர்க்கன்சாசில் ஒருவருடைய வீட்டுக்கு அனுப்பிய பதிவுத் தபால் இரண்டு முறை பட்டுவாடா ஆகாமல் திரும்பி வந்தது. அரசு சும்மா இருந்துவிட்டு வீட்டை விற்றது. தபால் திரும்பி வந்தது தெரிந்த பிறகும் வேறு முயற்சி செய்யாமல் வீட்டை விற்றது தவறு என்று 2006இல் 'ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ்' வழக்கில் தீர்ப்பானது. கதவில் ஒட்டலாம், சாதாரணத் தபால் போடலாம் என்று நீதிபதிகள் சொல்லித்தர வேண்டியிருந்தது. 2006இல்!

டெட்ராய்ட்

மிச்சிகனின் டெட்ராய்ட் கார் ஆலைகளின் நகரம். 1914இல் ஃபோர்டு ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி என்றதும் தெற்கிலிருந்து கறுப்புத் தொழிலாளர்கள் ரயிலேறி வந்தார்கள். இங்கே இன்ன தெருவில்தான் வீடு, இன்ன பேட்டைக்குக் கடன் கிடையாது என்று வரைபடத்தில் கோடு கிழித்தார்கள். அதையெல்லாம் தாண்டி வீடு வாங்கினார்கள். ஆலை மூடியது. வெள்ளையர் புறநகருக்குப் போனார்கள். 2010 கணக்கெடுப்பில் நகரத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர் கறுப்பர்.

2008 நிதி நெருக்கடியில் வீட்டு விலை பாதாளத்துக்குப் போனது. வரி மதிப்பீடு இறங்கவில்லை. சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் மதிப்பிடக்கூடாது என்பது மிச்சிகன் அரசியல் சட்டம். நகராட்சி அதை மீறியது. பழைய விலையை வைத்தே வரிச்சீட்டு வந்தது. 2010 முதல் 2016 வரை குறைந்தது 60 கோடி டாலர் கூடுதலாக வசூலிக்கப்பட்டது என்று 'தி டெட்ராய்ட் நியூஸ்' 2020இல் கணக்குக் காட்டியது. 2009இலிருந்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துகள், அதாவது நகரத்தில் மூன்றில் ஒன்று, வரிபாக்கிக்குப் போயின. இதை ஆராய்ந்த சட்டப் பேராசிரியர் பெர்னாடெட் அட்டுவாஹெனே தன் சக ஆய்வாளரோடு ஒரு முடிவுக்கு வந்தார்: பறிமுதலானவற்றில் பத்தில் ஒன்று, சட்டவிரோதமாக ஏற்றிய மதிப்பீட்டால் மட்டுமே பறிமுதலானது. அடிமட்ட விலையுள்ள வீடுகளில் நான்கில் ஒன்று. பணக்கார வீட்டுக்கு மதிப்பு அளவாக இருந்தது, ஏழை வீட்டுக்குத்தான் ஏறியது.

இதில் இன்னொரு கொடுமை. மிக ஏழையாக இருப்பவருக்கு வரிவிலக்குக் கொடுக்கலாம் என்று மிச்சிகன் சட்டத்திலேயே இருக்கிறது. கட்டவே வேண்டாத வரியைக் கட்டவில்லை என்று வீட்டை இழந்தவர்கள் டெட்ராய்டில் உண்டு. விலக்குக்கு வருசாவருசம் மனுப்போடவேண்டியிருந்தது. படிவம் எளிதில் கைக்குக் கிடைக்கவில்லை. முந்தைய வருசப் பாக்கிக்குச் செல்லாது. முதல் ஏலத்தில் போகாத வீடு இரண்டாம் ஏலத்துக்கு வந்தபோது ஆரம்ப விலை 500 டாலராக இருந்தது. ஒரு குடும்பம் இருபது வருசம் குடியிருந்த வீட்டை, ஊரையே பார்க்காத ஒருவன் எங்கிருந்தோ வாங்கிப்போட்டான். பிறகு அதே குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டான், அல்லது காலி பண்ண வைத்தான். ஆளில்லாத வீட்டில் கம்பியும் குழாயும் களவு போக, மிச்சம் குப்பைமேடு.

சனங்கள் சும்மா இருக்கவில்லை. 2016இல் மார்னிங்சைடு என்ற பேட்டை மக்களின் அமைப்பு, கறுப்பர் உரிமைச் சட்ட நிதி அமைப்போடும் குடியுரிமைச் சங்கத்தோடும் சேர்ந்து வழக்குப் போட்டது. 2018இல் உடன்பாடு ஏற்பட்டது. வரிவிலக்கு மனு எளிதானது. தகுதியுள்ளவர் குடியிருக்கும் வீட்டை ஏலத்துக்கு முன்பே நகராட்சி எடுத்து, அவருக்கே 1,000 டாலருக்குக் கொடுக்க வழி பிறந்தது. 2020இல் பழைய பாக்கியைக் குறைத்துத் தவணையில் கட்டும் சட்டமும் வந்தது. தொண்டர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி "மார்ச் 31க்குள்ள இதைச் செய்யுங்க, மூட்டை கட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டு போனதில் காப்பாற்றப்பட்ட வீடுகள் உண்டு. ஆனால் ஏற்கெனவே கூடுதலாக வாங்கிய பணம் திரும்பவில்லை, போன வீடும் திரும்பவில்லை.

பணம் திரும்புவதைப் பற்றி உச்ச நீதிமன்றமும் பேசியது. மினசோட்டாவில் 94 வயதுக் கறுப்புப் பாட்டி ஒருவரின் வீடு, ஏறத்தாழ 2,300 டாலர் வரிபாக்கி வட்டியும் அபராதமும் சேர்ந்து 15,000 டாலராக வளர்ந்து, 40,000 டாலருக்கு விற்கப்பட்டது. மிச்சம் 25,000 டாலரையும் மாவட்ட நிர்வாகமே வைத்துக்கொண்டது. 2023 மே மாதம் 'டைலர் எதிர் ஹென்னெபின்' வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, பாக்கிக்கு மேல் எடுத்தது செல்லாது என்றார்கள். அதற்கு முன்பே 2020இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அந்த வழக்கில் குறைத்துக் கட்டிய வரி எவ்வளவு தெரியுமா? 8 டாலர் 41 சென்ட். அதற்காக ஒரு வீடு 24,500 டாலருக்கு விற்கப்பட்டது.

1891ஐ நினைத்துப் பாருங்கள். ஓடிப்போன அடிமை முதலாளிகளுக்கு முப்பதே வருசத்தில் நாடாளுமன்றம் கூடிப் பணம் கொடுத்தது. கடனில்லாமல் உழைத்துக் குடியிருந்தவர்களுக்கு, மிச்சப் பணம் உன்னுடையதுதான் என்று சொல்லவே 2023 ஆனது.

நமக்கென்ன?

அதே 1891இல்தான் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர், பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் எழுப்பிவிடலாம் என்று அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியாக வந்தது. பத்து வருசத்துக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்று நமக்குத் தெரியும். அதைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள்.

இங்கேயும் பாக்கிக்கு நிலம் ஏலம் போகும். 1864ஆம் வருசத்து வருவாய் வசூல் சட்டம் இன்றும் இருக்கிறது. ஏலம் நடந்து 30 நாளுக்குள் பாக்கியையும், ஏலத் தொகையில் நூற்றுக்கு ஐந்தையும் சேர்த்துக் கட்டினால் ஏலத்தை ரத்து செய்யச் சொல்லலாம். நடைமுறைத் தவறு இருந்தாலும் அதே 30 நாளுக்குள் மனுப்போடலாம். முப்பது நாள்! தண்டோரா போட்டவனுக்கும் கிராம நிர்வாக அதிகாரிக்கும் தெரிந்த இந்த முப்பது நாள், நிலம் போனவனுக்குத் தெரியுமா?

நம் சனங்களில் ஏராளமானோருக்கு ஏலம் போக நிலமே இல்லை. புறம்போக்கில் குடிசை. அங்கே கதை தலைகீழ். வீட்டு வரி போடுங்க சாமி என்று நாம்தான் கெஞ்சுகிறோம். ஏனென்றால் அந்த வரி ரசீதுதான் நாம் அங்கே வாழ்கிறோம் என்பதற்குக் கையில் இருக்கிற ஒரே காகிதம். அமெரிக்காவில் வரி கட்டாததால் வீடு போகிறது. இங்கே இருபது வருசம் வரி கட்டிய ரசீதைக் கட்டோடு கொண்டுபோய் நீட்டினாலும், "ரசீது உரிமை ஆகாது, பட்டா இருக்கா?" என்கிறார்கள். வாங்கும்போது நீ குடிமகன், எழுப்பும்போது ஆக்கிரமிப்பாளன். கையில் பி மெமோ. 1905ஆம் வருசத்து ஆக்கிரமிப்புச் சட்டத்தில் கூட, ஏன் வெளியேற்றக்கூடாது என்று விளக்கம் கேட்டு முதலில் நோட்டீஸ் தரவேண்டும், பதில் சொல்ல அவகாசம் தரவேண்டும், உத்தரவின்மேல் முறையீடு உண்டு. ஜேசிபி வந்து நிற்கிற அன்றைக்கு இதைப் படித்துப் பிரயோசனமில்லை.

டெட்ராய்ட் பேட்டைக்காரர்கள் செய்தது பெரிய புரட்சி என்று நான் சொல்ல வரவில்லை. அநியாய மதிப்பீட்டைக் கேள்வி கேட்டார்கள், ஏழைக்கு உள்ள விலக்கைப் போராடி எளிதாக்கினார்கள், தேதியைக் கதவு கதவாகக் கொண்டுபோனார்கள். நாமும் செய்யலாம். ஒவ்வொரு குடியிருப்பிலும் யார் பேரில் என்ன காகிதம் இருக்கிறது, செத்தவர் பேரில் இருக்கிறதா, வந்த நோட்டீசில் தேதி என்ன, பதில் சொல்லக் கடைசி நாள் எது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க நம் மாணவர்களால் முடியும். மனுக் கொடுத்தால் தேதி போட்டு ஒப்புகை வாங்குவதும், வரி ரசீதைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்துவதும் போராட்டத்தின் பகுதிதான். உரிமை கேட்கும் ஊர்வலத்தையும் இதையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தவேண்டாம். ஊர்வலம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது வீடு அங்கே இருக்கவேண்டுமே.

"எத்தனை நாள் இருக்கலாம்?" என்று அடுத்த முறை ஒரு அம்மா கேட்டால், "பாக்கலாம்மா" என்று மழுப்பாமல், "நோட்டீசைக் கொடுங்கம்மா, தேதி பாத்துச் சொல்றேன்" என்று சொல்லத் தெரிந்த ஒருத்தராவது ஒவ்வொரு சேரியிலும் இருக்கவேண்டும்.